அடிநாதம் தேடும் கிற்றார்க் கலைஞர்

சைக்கிள் ஓட்டுவதிலே கைதேர்ந்த ஒருவர் லொறியின் ஆசனத்தில் ஏறி அமர்ந்தால், வித்தையிற் பாதி தமக்கு ஏற்கனவே தெரியும் என்றே எண்ணுவார். வீதியும் ஒன்றே, வீதி விதிகளும் ஒன்றே அன்றோ? முதல் வளைவு வந்த பின்னர்தான் வண்டியின் நீளம் அவருக்கு விளங்கும். பல்லாண்டுகள் கிற்றார் வாசித்துப் பழகிய ஒருவர் முதன்முதலாகப் பேஸ் கிற்றார் வாங்கக் கடைக்குச் செல்லும்போது நிகழ்வதும் பெரும்பாலும் இதுவே. தோற்றத்திலே தமையனும் தம்பியும் போன்ற இவ்விரண்டு வாத்தியங்களும் தொழிலிலே வேறு வேறு. பழைய வாத்தியத்திலே விரல்கள் பெற்ற சுகத்தைக் கொண்டு புதிய வாத்தியத்தை மதிப்பிடுகிறவர், விலை கொடுத்துத் தவற்றை வாங்குகிறார்.

இது நகரத்து வாலிபர்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று வாசகர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். நோட்டன் பிரிட்ஜ், ஹற்றன், மஸ்கெலியாப் பகுதிகளிலே கிற்றார் வாசிக்கப் பழகிய இளைஞர்கள் பலர் உளர். கோயில் திருவிழா, கல்யாண வீடு, பாடசாலைக் கலைவிழா என்று மேடைகளுக்கும் குறைவில்லை. ஆயினும் ஒரு குழுவிலே கிற்றார் வாசிப்போர் இருவரும் மூவரும் சேர்ந்துவிடுவார்கள். அடிநாதம் கொடுப்பதற்கு மாத்திரம் ஆள் இராது. கீபோர்ட் வாசிப்பவரின் இடக்கையே அந்தச் சுமையையும் தாங்கும். ஆகவே கிற்றார் வாசிப்போருள் ஒருவர் பேஸுக்கு மாறவேண்டிய நாள் வந்தே தீரும். அந்த நாளிலே குடும்பத்தின் பணமும் மேசைக்கு வருகிறது. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2021ஆம் ஆண்டிலேதான் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. பின்னர் உயர்ந்திருக்கிறது. அத்தகைய வீட்டிலே ஒரு வாத்தியம் என்பது பல மாதங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமாகும். தவறான வாத்தியம் வந்து சேர்ந்தால் அதை மாற்றி வேறொன்று வாங்கும் வசதி இராது.

பேஸ் கிற்றாரின் தொழில் யாது? நம் முன்னோர் சுரங்களின் நிலையை மெலிவு, சமன், வலிவு என மூன்றாக வகுத்தனர். கிற்றார் சமனிலும் வலிவிலும் உலாவுவது. பேஸ் மெலிவிலே வாழ்வது. கிற்றாரின் தடித்த நான்கு தந்திகளும் எந்தச் சுரங்களுக்கு அமைகின்றனவோ, அதே சுரங்களுக்கு, ஆனால் ஒரு ஸ்தாயி கீழே, பேஸின் நான்கு தந்திகளும் அமைகின்றன. மிருதங்கத்தை அறிந்தவர்களுக்கு எளிதாகச் சொல்வதானால், கிற்றார் வலந்தலை, பேஸ் தொப்பி. தொப்பியிலே ரவை மாவைப் பூசுவது எதற்காக? தோலின் கனத்தைக் கூட்டி நாதத்தைக் கீழே இறக்குவதற்காகவே. தொப்பியின் ஒலியை இரசிகர்கள் தனியே கவனிப்பதில்லை. அது நின்றுபோனால் மாத்திரம் ஏதோ குறைகிறது என்று உணர்வார்கள். காமன் கூத்திலே தப்பு முழங்கக் கேட்டு வளர்ந்த மலைநாட்டு மக்களுக்கு, நெஞ்சுக்கூட்டிலே அதிரும் ஒலியின் பெருமையை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

கிற்றார்க் கலைஞர் ஒருவர் முதற் பேஸைத் தெரிந்தெடுத்த வரலாறுகளுள் உலகறிந்தது போல் மக்கார்ட்னியின் வரலாறு. பீற்றில்ஸ் குழுவினர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக் கேளிக்கை விடுதிகளிலே வாசித்துக் கொண்டிருந்த 1961ஆம் ஆண்டில், பேஸ் வாசித்துவந்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப் ஓவியம் பயிலுவதற்காகக் குழுவை விட்டு விலகினார். மற்றவர்களுக்குக் கிற்றாரைக் கைவிட மனமில்லை. கிற்றாரும் பியானோவும் வாசித்துவந்த மக்கார்ட்னியின் தலையிலே அந்தப் பொறுப்பு விழுந்தது. அக்காலத்திலே பேர்பெற்ற ஃபென்டர் பேஸின் விலை ஏறக்குறைய 100 பவுண். அவர் கையிலோ 30 பவுண் அளவுதான் இருந்தது. கடன்படலாகாது என்று தந்தையார் இடைவிடாது போதித்திருந்தார் என்று அவரே பின்னாளிற் சொல்லியிருக்கிறார். ஆகவே ஹாம்பர்க்கிலுள்ள ஸ்டெயின்வே கடையிலே ஹோஃப்னர் நிறுவனத்தின் வயலின் வடிவப் பேஸை வாங்கினார். அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர். இருபுறமும் ஒத்த வடிவமுள்ள வாத்தியம் இடக்கைக்குத் திருப்பிப் பிடித்தாலும் விகாரமாகத் தோன்றாது என்பதும் ஒரு காரணம்.

இந்தத் தெரிவிலே கவனிக்கத்தக்கது யாதெனின், அவர் பிறர் புகழ்ந்த வாத்தியத்தைத் தேடவில்லை. தம் பணப்பையையும், தம் கையையும், குழுவின் தேவையையும் அளந்து பார்த்தார். ஹோஃப்னர் எடை குறைந்தது. தந்தியின் அதிரும் நீளமும் 30 அங்குலமே. கிற்றாரிலிருந்து வந்த கைக்கு அது அந்நியமாக இருக்கவில்லை. அந்த மலிவான வாத்தியம் 1972ஆம் ஆண்டிலே இலண்டனில் ஒரு வாகனத்திலிருந்து களவுபோயிற்று. பிறகு தேடிக் கண்டுபிடிக்கப்பட்டு உரியவரிடம் சேர்ந்த செய்தி 2024ஆம் ஆண்டிலே உலகெங்கும் பேசப்பட்டதை வாசகர்கள் அறிந்திருப்பார்கள்.

இனி, பிள்ளையோடு கடைக்குச் செல்லும் தந்தையார் கேட்கக்கூடிய ஒரு கேள்வி: “தம்பி, ஆறு தந்திக்குக் கொடுத்த காசைவிட நாலு தந்திக்கு ஏன் கூடக் கேட்கிறார்கள்?” நியாயமான கேள்வி. விடை பௌதிகவியலிலே இருக்கிறது. உயர்தர மாணவர்கள் இதைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். கிற்றாரின் தடித்த தந்தி செக்கனுக்கு ஏறக்குறைய 82 முறை அதிர்கிறது. பேஸின் தடித்த தந்தி 41 முறை. நீளத்தையும் இழுவிசையையும் மாற்றாமல் அதிர்வைப் பாதியாக்க வேண்டுமானால் தந்தியின் கனம் நான்கு மடங்காக வேண்டும். அத்தகைய தந்தி கயிறு போலத் தடித்துத் தெளிவிழந்து ஒலிக்கும். நீளத்தைக் கூட்டினால் கனத்தைக் குறைக்கலாம். 25½ அங்குலக் கிற்றாருக்குப் பதிலாக 34 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், நான்கு மடங்குக்குப் பதில் 2¼ மடங்கு கனமே போதும். 30 அங்குலமாயின் ஏறக்குறைய 2.9 மடங்கு வேண்டும். நீண்ட பேஸ் தெளிவாகவும் குறுகிய பேஸ் சற்று உருண்டு மழுங்கியும் ஒலிப்பதற்கு இதுவே முதற் காரணம். நடைமுறையிலே இழுவிசையையும் கூட்டுகிறார்கள். ஆகவே தந்திகள் இன்னும் தடிக்கின்றன. சாதாரணப் பேஸ் தந்திகளிலே மிக மெல்லியது 1.14 மில்லிமீற்றர், சாதாரண மின்கிற்றாரின் மிகத் தடித்த தந்தியோ 1.17 மில்லிமீற்றர். அதாவது கிற்றாரின் கனம் எங்கே முடிகிறதோ, அங்கேதான் பேஸ் தொடங்குகிறது! சுருதிகளைக் கணிதத்தால் ஆராய்ந்து யாழ் நூலை 1947இல் வெளியிட்ட விபுலாநந்த அடிகள் இன்று இருந்திருப்பின், இந்த எண்களைக் கண்டு மகிழ்ந்திருப்பார்.

34 அங்குலம் என்ற அளவை வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான லியோ ஃபென்டர். அதற்கு முன்னரே, 1930களில், சியாற்றில் நகரத்தவரான போல் டட்மார்க் மின்சாரப் பேஸ் ஒன்றைச் செய்து விற்றார், அது பரவவில்லை. ஃபென்டர் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸே உலகை மாற்றியது. ஆளுயரமான பழைய பேஸ் வயலினைத் தூக்கித் திரிந்த கலைஞர்களுக்கு அது விடுதலை. வீணையிலே உள்ளவை போன்ற மெட்டுகள் பதிக்கப்பட்டமையால் சுரம் பிசகாமல் துல்லியமாக விழும். அந்தத் துல்லியத்தையே பெயராகவும் வைத்தார். அதைப் படைத்தவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது என்பது ஒரு வேடிக்கை.

கிற்றார் பழகிய கைக்கு வரும் முதற் சோதனை மெட்டுகளின் இடைவெளியே. கிற்றாரில் முதல் மெட்டு 36 மில்லிமீற்றர் தூரத்திலே இருக்கும். 34 அங்குலப் பேஸிலே அது 48 மில்லிமீற்றருக்கும் சற்று அதிகம். விரலுக்கு ஒரு மெட்டு என்று பழகியவர் அதே முறையைப் பேஸின் கீழ் மெட்டுகளிலே வற்புறுத்தினால் மணிக்கட்டு நோகும். பேஸ் வயலின் கலைஞர்கள் அங்கே நான்கு விரல்களால் மூன்று மெட்டுகளையே ஆளுவார்கள். மோதிர விரலும் சிறு விரலும் ஒன்றாக இயங்கும். இதை அறியாதவர் கடையிலே ஐந்து நிமிடம் வாசித்துவிட்டு, “இது எனக்குப் பெரிது” என்று முடிவு கட்டிவிடுகிறார். முறையைத் திருத்திக்கொண்டால் சாதாரண உடலமைப்புள்ள எவருக்கும் 34 அங்குலம் கைவசப்படும். உண்மையிலேயே கை சிறிதாயின், பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகளாயின், 30 அங்குலப் பேஸை வாங்குவதில் இழிவு எதுவும் இல்லை. பெண் பிள்ளைகளுக்கு இது ஆகாது என்று எண்ணும் பெற்றோர், ஏ. ஆர். ரஹ்மானின் மேடைகளிலே வாசித்துப் புகழ்பெற்ற மும்பைப் பெண்மணி மோகினி டேயின் வாசிப்பை ஒருமுறை கேட்பது நன்று.

கடையிலே கிற்றார்க் கலைஞரை மயக்கும் பொருள்கள் சில உண்டு. ஐந்து தந்திப் பேஸ் அவற்றுள் முதன்மையானது. ஆறு தந்தியிலிருந்து நான்குக்கு இறங்குவது ஏதோ பதவி இறக்கம் போல அவருக்குத் தோன்றும் போலும்! ஐந்தாம் தந்தி செக்கனுக்கு ஏறக்குறைய 31 முறை அதிரும் மிகத் தாழ்ந்த நாதத்தைக் கொடுப்பது. சிறு ஒலிபெருக்கிகள் அதைச் சரிவர வெளியிடா. அன்றியும், வாசிக்காத தந்தி தானாக முனகாதபடி அடக்கி வைப்பது பேஸ் வாசிப்பிலே பாதித் தொழில். புதிதாகத் தொடங்குபவருக்கு அடக்க வேண்டிய தந்தி ஒன்று குறைவாக இருப்பதே நலம். இரண்டாவது மயக்கம், உள்ளே பற்றரி வைத்த பேஸ். அதன் ஒலி கடையிலே பளிச்சென்று இருக்கும். ஒன்பது வோல்ற் பற்றரி திருவிழா இரவில் நடுப்பாட்டிலே தீர்ந்துபோனால் அப்பொழுது எந்தக் கடையைத் தட்டுவது? பற்றரி வேண்டாத சாதாரண அமைப்பே நமக்குப் பொருத்தம்.

ஃபென்டர் வகைகளுள் பிரிசிஷன் ஒன்று. 1960இல் வெளிவந்த ஜாஸ் பேஸ் மற்றொன்று. இன்று பல நிறுவனங்கள் செய்யும் மலிவான பேஸ்களும், ஃபென்டரின் குறைந்த விலைத் தயாரிப்பான ஸ்குவையரும், பெரும்பாலும் இவ்விரண்டின் வழிவந்தவையே. ஜாஸ் பேஸின் கழுத்து மேற்பகுதியிலே 38 மில்லிமீற்றர் அகலமே உடையது. பிரிசிஷன் 41 அல்லது அதற்கு மேல். கிற்றார் பழகியவர் மெல்லிய கழுத்தையே கண்ணை மூடிக்கொண்டு தெரிவார். அது பிழையன்று. ஆனால் நோட்டன் பிரிட்ஜ்வாசி ஒருவர் இங்கே இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும்.

நமது ஊர் மின்சாரம் பிறக்கும் ஊர். நீர்மின்சாரத் திட்டத்தை 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்த பொறியியலாளர் விமலசுரேந்திராவின் பெயர் தாங்கிய மின்நிலையம், காசல்ரீ நீர்த்தேக்கத்து நீரைப் பெற்று 1965 முதல் இங்கே இயங்குகிறது. இலங்கையின் மின்னோட்டம் செக்கனுக்கு 50 சுழற்சி உடையது. பேஸின் தடித்த தந்தியை மூன்றாம் மெட்டிலே அழுத்தி மீட்டினால் 49 அதிர்வு. மெல்லிய தந்தியை அழுத்தாமல் மீட்டினால் 98 அதிர்வு. மின்கம்பியின் இரைச்சலோ 50இலும் அதன் இரட்டிப்பான 100இலும் ஒலிக்கிறது. மின்னோட்டமே பேஸுக்குச் சுருதி போடுகிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். மேடையிலே அது வேடிக்கையாக இராது. கிற்றாரிலே கரகரப்பாகக் கேட்கும் இரைச்சல், பேஸிலே வாத்தியத்தின் சொந்தச் சுரங்களோடு ஏறக்குறைய ஒன்றிக் கலந்து அவற்றைக் கலக்கும். திருவிழாப் பந்தல்களிலே அவசரத்தில் இழுக்கப்பட்ட கம்பிகளும், குழல்விளக்குகளும், நிலத்தொடுப்பு இல்லாத இணைப்புகளும் இந்த இரைச்சலை வளர்க்கும். பிரிசிஷன் பேஸிலே 1957 முதல் பிக்கப் இரண்டு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இரண்டும் எதிரெதிர்த் திசையிலே சுற்றப்பட்டவை. ஆகவே வெளியிலிருந்து வரும் இரைச்சலை ஒன்றையொன்று அழித்துவிடும். ஜாஸ் பேஸிலே இரண்டு பிக்கப்களின் ஒலியையும் சமமாக வைத்தால் மட்டுமே இந்த நன்மை கிட்டும். பந்தலிலே வாசிக்கப் போகிறவருக்கு யான் பிரிசிஷன் வகையையே சொல்லுவேன்.

கடையிலே வாத்தியத்தைக் கையில் எடுத்தவுடன், பழகிய வேகமான சுரக்கோவைகளை வாசிக்க வேண்டாம். அது விற்பனையாளரை மகிழ்விக்குமே தவிர வாத்தியத்தின் குணத்தைக் காட்டாது. ஒரே சுரத்தை மீட்டி, அது அணையும் வரை காத்திருந்து கேட்க வேண்டும். மெல்லிய தந்தியின் ஐந்தாம் மெட்டிலிருந்து ஏழாம் மெட்டு வரை குறிப்பாகக் கவனிக்க வேண்டும். மரக்கழுத்தின் இயல்பால், பல பேஸ்களிலே அவ்விடத்துச் சுரம் மற்றவற்றைவிட விரைவாக இறந்துபோகும். சிறிது இறப்பதைப் பொறுக்கலாம். தட்டியவுடன் அணைந்தால் வேறொன்றைக் கேட்க வேண்டும். பின்னர் தோளிலே மாட்டி நின்று, இரு கைகளையும் எடுத்துவிட வேண்டும். கழுத்து நிலத்தை நோக்கித் தாழ்ந்தால், வாசிக்கும் நேரமெல்லாம் இடக்கை அதைத் தாங்கியே களைத்துவிடும். கிற்றாரிலே அபூர்வமான இந்தக் குறை பேஸிலே சாதாரணம்.

விரலால் மீட்டுவதா, பிளெக்ட்ரம் என்னும் சிறு தகட்டால் மீட்டுவதா என்ற வாதம் ஒன்று உண்டு. விரல்தான் மெய்யான பேஸ் என்று சிலர் கண்டிப்பாகப் பேசுவார்கள். அவர்களுக்குக் கரோல் கேயின் பெயரை நினைவூட்ட வேண்டும். அமெரிக்காவின் இசைப்பதிவுக் கூடங்களிலே கிற்றார் வாசித்துவந்த இப்பெண்மணி, 1963இல் ஒருநாள் பேஸ் கலைஞர் வராது போனமையால் அந்த இடத்தை நிரப்பினார். அதன் பின் எண்ணற்ற பதிவுகளிலே ஃபென்டர் பேஸை வாசித்தார். கிற்றாரிலே கற்ற பிளெக்ட்ரத்தை அவர் கைவிடவில்லை. தந்திகள் நீண்டு முனகாதபடி அடக்கி வைத்து, ஒவ்வொரு சுரத்தையும் முத்துப்போலக் கோத்தார். பழைய வித்தையிலே எதைக் கொண்டுவருவது, எதை வாசலிலே விடுவது என்பதற்கு அவர் நல்ல உதாரணம்.

வாங்குவதற்கு முன் ஒரு மாதமாவது காது பழக வேண்டும். அதற்கு மேனாட்டு இசைத்தட்டுகளைத் தேடவேண்டியதில்லை. இளையராஜாவும் கிற்றார்க் கலைஞராக இருந்து இசையமைப்பாளர் ஆனவரே. 1980இல் வெளிவந்த ‘மூடுபனி’ படத்திலே ‘என் இனிய பொன் நிலாவே’ பாடலை நம்மவர் அனைவரும் கிற்றாருக்காகவே கேட்டு மகிழ்கிறோம். அதே பாடலைப் பேஸுக்காக மறுமுறை கேட்டால், பாட்டின் கீழே இன்னொரு பாட்டு நடந்து செல்வதைக் காணலாம். அவரது குழுவிலே நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனின் கைவண்ணத்தைப் பல பாடல்களிலே தேடிக் கேட்கலாம். நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் நம் நாட்டிலே பரப்பிய பொப் பாடல்களும், பைலாவும் மேடைக்கு வரும்போது ஆட வைப்பது அடிநாதமே. குரலும் இளியும், அதாவது ‘ச’வும் ‘ப’வும், காலத்திலே பிசகாமல் விழுந்தாற் போதும், பாட்டு எழுந்து நிற்கும்.

பணத்தைப் பங்கிடுவதிலும் அனுபவசாலிகள் தடுமாறுகிறார்கள். கையிலுள்ள அனைத்தையும் வாத்தியத்திலே போட்டுவிட்டு, வீட்டிலுள்ள கிற்றார் அம்பிளிபயரே போதும் என்று இருந்துவிடுவார்கள். மெல்ல வைத்துப் பயிலுவதற்கு அது உதவும். ஒலியைக் கூட்டினால், தாழ்ந்த நாதத்தைத் தாங்க மாட்டாமல் அதன் ஒலிபெருக்கிக் கூம்பு கிழிந்துபோகலாம். தொடக்கத்திலே பேஸுக்கென்று செய்த சிறிய அம்பிளிபயர் ஒன்றை வாங்கிக் கொண்டு, மேடையிலே வாடகை ஒலிபெருக்கி அமைப்பைப் பயன்படுத்துவது சிக்கனமான வழி. இதற்காக வாத்தியத்திலே ஒருபடி இறங்கினாலும் நட்டமில்லை.

மழையையும் மறத்தல் கூடாது. நம் பகுதியிலே தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் சுவரே வியர்க்கும். மரம் ஈரத்தை உண்டு வீங்கும், கழுத்து வளையும், உருக்குத் தந்தி துருவேறும். பேஸ் தந்தித் தொகுதியின் விலை கிற்றார்த் தந்தியின் விலையைவிடப் பல மடங்காதலின், துரு இங்கே பணத்தைத் தின்னும். கழுத்தினுள்ளே ஓடும் இரும்புக் கம்பியைத் திருகி வளைவைத் திருத்தலாம். வாங்கும்போதே அந்தத் திருகு இறுகிப் போகாமல் அசைகிறதா என்று கடைக்காரரைக் கொண்டே பார்ப்பித்துக்கொள்ள வேண்டும். பழைய வாத்தியமாயின் இது இன்றியமையாதது. ஈரம் புகுந்தால் தேயிலையின் மணம் போகும் என்பதை நம்மிலும் நன்றாக அறிந்தவர் யார்? அந்தக் கவனத்தில் அரைப்பங்கு போதும். வாசித்து முடிந்ததும் தந்திகளைத் துணியால் துடைத்து, உறைக்குள்ளே ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதிகள் இரண்டை இட்டு, வெளிச்சுவரிலே சாய்க்காமல் வைத்தால் ஒரு தொகுதித் தந்தி நெடுநாள் உழைக்கும்.

உறையைப் பற்றியும் ஒரு சொல். ஹற்றனிலோ கண்டியிலோ கொழும்பிலோ வாங்கினாலும் கடைசியில் நோட்டன் பிரிட்ஜ் பஸ்ஸிலேதான் அதைக் கொண்டுவர வேண்டும். 34 அங்குலப் பேஸின் முழு நீளம் ஏறக்குறைய 46 அங்குலம். பஸ்ஸின் மேற்தட்டிலே அது கிடக்காது. பஞ்சு வைத்துத் தைத்த உறைக்கு மேலதிகமாகக் கேட்கும் பணத்தைத் தயங்காது கொடுத்து, கொண்டுவரும்போது கழுத்து மேலே இருக்குமாறு முழங்கால்களுக்கு இடையிலே நிறுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். வளைவுகள் அதிகமாதலின் ஜன்னலோர ஆசனமாகப் பார்த்து அமர்வது நல்லது.